எக்ஸ்பாண்டரை எடுத்துவிட்டு எதை வைக்கச் சொல்வது? சிலிக்கோனா, சலைனா, உருண்டையா, துளி வடிவமா?

ஜன்னலோரம் கேட்டது:

வயது 41. மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பை முழுவதுமாக எடுத்து எட்டு மாதம் ஆகிறது. நிணநீர் முடிச்சுகளில் எதுவும் இல்லை என்று வந்ததால் ரேடியேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கீமோ முடிந்தது. மார்பை எடுத்த அன்றே தோலுக்கு அடியில் எக்ஸ்பாண்டர் (தோலை மெல்ல மெல்ல விரிக்கும் தற்காலிகப் பை) வைத்துவிட்டார்கள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் அதில் உப்புநீர் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

இது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். நர்ஸ் ஒரு சின்னக் கருவியை மார்பின் மேல் மெதுவாக நகர்த்துவார். அதில் ஒரு குட்டிக் காந்தம் ஆடிக்கொண்டிருக்கும். எக்ஸ்பாண்டரில் ஊசி இறங்க வேண்டிய வாயிலுக்குள்ளும் ஒரு காந்தம் இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, ஊசி போட்டு 60 சிசி ஏற்றுவார். (இந்தக் காந்தத்தால்தான் என் எக்ஸ்பாண்டர் உள்ளே இருக்கும்வரை எம்ஆர்ஐ பக்கமே போகக் கூடாதாம்.) தோலில் உணர்ச்சி இல்லாததால் குத்துவது தெரியாது. ராத்திரிதான் தெரியும். பத்து வயதில் தைத்த சட்டையை இப்போது போட்டுக்கொண்டு படுத்தது மாதிரி நெஞ்சு இறுகும்.

இன்னும் இரண்டு தடவை ஏற்றினால் முடிந்தது. அப்புறம் ஒரு மாதம் விட்டு, இதை எடுத்துவிட்டு நிரந்தரமான செயற்கை மார்புப் பையை, அதாவது இம்ப்ளான்ட்டை, வைப்பார்கள். போன வாரம் டாக்டர் மேஜையில் மூன்று மாதிரிகளை எடுத்து வைத்தார். ஒன்று வழவழப்பான உருண்டை, உள்ளே சிலிக்கோன் ஜெல். இன்னொன்று அதே உருண்டை, உள்ளே சலைன், அதாவது உப்புநீர். மூன்றாவது துளி வடிவம், மேலே மெலிந்து கீழே பருத்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. "நானாக இருந்தால் முதலாவதை வைப்பேன். ஆனால் உங்கள் உடம்பு. படித்துப் பார்த்துவிட்டு மூன்று வாரத்தில் சொல்லுங்கள்" என்றார். நல்ல மனிதர். ஆனால் எனக்குப் பின்னால் பதினோரு பேர் காத்திருந்தார்கள். நான் கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. இம்ப்ளான்ட்டாலேயே ஒரு புற்றுநோய் வருமாமே? ஒரு புற்றுநோயை எடுத்த இடத்தில் இன்னொன்றுக்கு இடம் போட்டுக் கொடுப்பதா? சலைன் உடைந்தால் வெறும் உப்புநீர்தானே, அதுதானே பாதுகாப்பு? அப்படியென்றால் டாக்டர் ஏன் சிலிக்கோன் என்கிறார்? சொந்தச் சதையை வைத்துச் செய்யும் முறையையும் கேட்டேன். நான் ஒல்லி, வயிற்றில் எடுக்கும் அளவுக்கு இல்லை என்றார். முதுகுத் தசையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான் ஆசிரியை, இடதுகைக்காரி, நாள் முழுக்க அந்தக் கையைத் தூக்கித்தான் கரும்பலகையில் எழுத வேண்டும்.

வைத்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். எதை வைத்தீர்கள், எத்தனை வருடம் ஆகிறது, மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதையே எடுப்பீர்களா?


நேர்ப்பேச்சு:

எதையும் வைக்காதீர்கள். என் தங்கை அழகுக்காக 2015இல் சிலிக்கோன் வைத்துக்கொண்டாள். மூன்றாவது வருடத்திலிருந்து உடம்பு அசதி, மூட்டு வலி, முடி கொட்டல், பேசிக்கொண்டே இருக்கும்போது வார்த்தை மறந்துபோவது. எத்தனையோ ரத்தப் பரிசோதனை, எல்லாம் நார்மல். டாக்டர்கள் மனசுதான் காரணம் என்றார்கள். 2022இல் எடுத்துவிட்டாள். நாலே மாதத்தில் பழைய ஆளாகிவிட்டாள். எல்லாம் வியாபாரம். சலைன் என்றாலும் மேலுறை சிலிக்கோன்தான், அதைச் சொல்கிறார்களா பாருங்கள்.


பழைய அட்டை:

ஜன்னலோரம், நீங்கள் கடைசியில் கேட்ட மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நீளமாக இருக்கும், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

எனக்கு 2013இல் இரண்டு பக்கமும் வைத்தார்கள். துளி வடிவம், சொரசொரப்பு, 330 சிசி. அன்றைக்கு அதுதான் உசத்தி. உருண்டை வைத்தால் மேல்பக்கம் கிண்ணம் கவிழ்த்தது மாதிரி தெரியும், துளி வடிவம்தான் இயற்கை என்றார்கள். சொரசொரப்பு எதற்கு என்று கேட்டேன். துளி வடிவம் உள்ளே சுழன்றால் பருத்த பக்கம் அக்குளைப் பார்த்துப் போய்விடும், சொரசொரப்பு இருந்தால் திசு அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். உருண்டை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் உருண்டைதானே, அதற்கு அந்தக் கவலை இல்லை. இன்னொரு காரணமும் சொன்னார்கள். அந்நியப் பொருள் எது உள்ளே போனாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு ஜவ்வு கட்டும். அந்த ஜவ்வு சிலருக்கு இறுகி, இம்ப்ளான்ட்டை நெரித்து, மார்பு கல் மாதிரி ஆகும். சொரசொரப்பு வகையில் அது குறைவாம். சொன்னது எதுவும் பொய் இல்லை. எனக்குச் சுழலவும் இல்லை, இறுகவும் இல்லை. ஆறு வருடம் அதை நினைக்காமலே இருந்தேன்.

2019 ஜூலையில் செய்தி வந்தது. அலர்கான் கம்பெனியின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெறுகிறார்கள், ஒருவகை லிம்போமா (ரத்த அணுப் புற்றுநோய்) வருகிறது என்று. என் டாக்டரிடம் கேட்டால் அட்டையைப் பாருங்கள் என்றார். எந்த அட்டை? அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஏதோ கொடுத்தார்கள், அது எங்கே போனது என்றே தெரியவில்லை. பீரோவைக் கவிழ்த்தோம். மருத்துவ ஃபைல் முழுக்கப் பார்த்தோம். கடைசியில் தையல் பெட்டிக்கு அடியில், பொத்தான் டப்பாவுக்குக் கீழே இருந்தது. பஸ் பாஸ் அளவுதான். கம்பெனி பெயர், மாடல், சீரியல் எண், கொள்ளளவு, எந்தப் பக்கம், தேதி எல்லாம் ஸ்டிக்கரில் இருந்தன. நான் எண்ணைப் படிக்க, மகள் கணினியில் பட்டியலைப் பார்த்தாள். வேறு கம்பெனி. பட்டியலில் இல்லை.

திரும்பப் பெற்ற பட்டியலில் இல்லை என்பதும், சொரசொரப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. எனக்கு அது அன்று உறைக்கவில்லை.

2021 கடைசியில் பிராவின் வலது கப் இறுக ஆரம்பித்தது. துவைத்துச் சுருங்கிவிட்டதாக்கும் என்று வேறொன்றை எடுத்துப் போட்டேன், அதுவும் இறுகியது. இரண்டு வாரத்தில் கண்ணாடியில் பார்த்தாலே வலது பக்கம் பெரிதாகத் தெரிந்தது. வலி, காய்ச்சல், கட்டி என்று எதுவும் கிடையாது. அல்ட்ராசவுண்டில் இம்ப்ளான்ட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பிறை, அதுதான் நீர் என்று காட்டினார்கள். ஊசியால் எடுத்தார்கள், மஞ்சளாகக் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. லேப் படிவத்தில் டாக்டர் சிடி30 என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டார். ஏன் என்று கேட்டேன். குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் கிருமி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள், இந்த லிம்போமாவைப் பிடிக்க இந்தச் சோதனை வேண்டும் என்றார். வைத்து ஏழெட்டு வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் இதைப் பார்க்காமல் விடக் கூடாதாம்.

ஒன்பது நாள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நெகட்டிவ். நீர் மறுபடி சேரவும் இல்லை. அறிகுறி இல்லாதவர்கள் பயந்துகொண்டு எடுக்கத் தேவையில்லை என்றுதான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது, என் டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் நான் தினமும் குளியலறையில் இரண்டு கையாலும் இரண்டையும் எடை போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி எத்தனை வருடம் போடுவது? 2022இல் இரண்டையும் ஜவ்வோடு எடுத்துவிட்டு, வழவழப்பான உருண்டை ஜெல் வைத்துக்கொண்டேன்.

எடுத்ததைக் காட்டச் சொன்னேன். ஜாடியில் இருந்தது. ஜவ்வு, முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்குமே, அது மாதிரி, சில இடத்தில் தடிப்பாக. இம்ப்ளான்ட் எட்டு வருடத்துக்கு முன் பார்த்த மாதிரியே முழுசாக இருந்தது. மேலே தடவினேன், நயமான உப்புத்தாள் மாதிரி. அதன் குழிகளுக்குள் என் திசு நார் நாராக மாட்டிக்கொண்டிருந்தது. திசு பிடித்துக்கொள்ளும் என்று 2013இல் சொன்னது இதைத்தான்.

இப்போது இருப்பது எப்படி என்றால், நிற்கும்போது பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் என் கணவருக்கே தெரியவில்லை. ஜெல்லும் கீழே இறங்கத்தானே செய்யும். படுத்தால் பக்கவாட்டில் லேசாக வழுக்கும், பழையது ஆணி அடித்த மாதிரி நிற்கும். குளிரில் வெளியே போய்விட்டு வந்தால் உடம்பு சூடான பிறகும் அவை இரண்டும் கொஞ்ச நேரம் சில்லென்றே இருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் சொரசொரப்பை எடுக்க மாட்டேன். துளி வடிவம் அழகுதான், ஆனால் அந்த அழகுக்காக ஒன்பது நாள் இன்னொரு தடவை இருக்க என்னால் முடியாது.


திரைக்குப்பின்:

அறுவை அரங்கில் நர்ஸாக 17 வருடம். பிளாஸ்டிக் சர்ஜரி பக்கம் மட்டும் 11 வருடம். டாக்டர் இல்லை, அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சலைன். உடைந்தால் உப்புநீர் உடம்பில் சேர்ந்து போய்விடும், ஒன்றிரண்டு நாளில் மார்பு சப்பையாகிவிடும். அதாவது உடைந்தது உங்களுக்கே தெரியும். அதன் பெரிய பலம் அதுதான். சிலிக்கோன் ஜெல் உடைந்தால் பெரும்பாலும் தெரியாது. ஜவ்வுக்குள்ளேயே ஜெல் நின்றுகொள்ளும், வடிவமும் மாறாது. அதனால்தான் ஜெல் வைத்தவர்கள் அறிகுறியே இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுக்க வேண்டும், அப்புறம் 2, 3 வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று எஃப்டிஏ 2020இல் சொன்னது. இந்த ஸ்கேன்களை ஆயுசுக்கும் எடுப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் ஜெல்.

அப்படியிருந்தும் உங்கள் டாக்டர் ஜெல் என்று சொன்னதற்குக் காரணம் உங்கள் உடம்பு. மார்பை எடுத்த பிறகு மூடுவதற்கு மெல்லிய தோல் மட்டும்தான் இருக்கிறது. ஒல்லியான ஆள் வேறு. சலைன் பை குனிந்தால் மடிப்பு விழும், பாதி நிரப்பிய தண்ணீர்ப் பையைத் தூக்கினால் ஓரத்தில் சுருக்கம் ஓடுமே, அது தோலுக்கு வெளியே தெரியும், விரலுக்கும் தட்டும். சொந்த மார்புத் திசு மேலே நிறைய இருப்பவர்களுக்கு அது மறைந்துவிடும், உங்களுக்கு மறைக்க ஆள் இல்லை.

இப்போது வரும் ஜெல்லை குறுக்கே வெட்டிக் காட்ட நான் பார்த்திருக்கிறேன். வழிவதில்லை. அழுத்தினால் வெட்டுவாயிலிருந்து கொஞ்சம் பிதுங்கி, விட்டால் உள்ளே போய்விடும். 1970களில் வந்தவை மெல்லிய உறை, தண்ணீராக ஓடும் ஜெல். பயமுறுத்தும் கதைகளில் நிறைய அந்தக் காலத்தவை. ஆனால் நல்ல சரக்கு என்ற நம்பிக்கையில் ஏமாந்த கதையும் உண்டு. பிரான்சின் பிஐபி கம்பெனி மருத்துவத் தரத்துக்குப் பதில் தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010இல் வெளியே வந்தது. சுமார் 3,00,000 பெண்களுக்கு வைத்திருந்தார்கள். அதன் முதலாளிக்கு 2013இல் சிறைத் தண்டனை. எனவே "சிலிக்கோனா" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், மேற்பரப்பு என்ன என்று கேளுங்கள். நாங்கள் பெட்டியைப் பிரிக்கும்போது ஸ்டிக்கரை உரித்து ஒன்றைக் கேஸ் ஷீட்டிலும் ஒன்றை உங்கள் அட்டையிலும் ஒட்டுவோம். மேலே பழைய அட்டை சொன்னது அதைத்தான்.

அடுத்தது லிம்போமா. பெயர் ஏஎல்சிஎல். இது மார்பகப் புற்றுநோய் இல்லை, இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள ஜவ்வில் வரும் ரத்த அணுப் புற்றுநோய். 2019 ஜூலையில் எஃப்டிஏ கையில் உலகம் முழுக்க 573 கேஸ், 33 மரணம் இருந்தது. அந்த 573இல் 481 பேருக்கு அலர்கான் இம்ப்ளான்ட். லட்சக்கணக்கானவர்கள் வைத்திருக்கும்போது இது அரிதுதான். சீக்கிரம் பிடித்தால் ஜவ்வையும் இம்ப்ளான்ட்டையும் முழுசாக எடுப்பதே பெரும்பாலும் போதும். வழவழப்பை மட்டுமே ஆரம்பத்திலிருந்து வைத்திருந்தவர்களுக்கு இது வந்ததாக உறுதியான கேஸ் இல்லை என்றே எங்கள் டாக்டர்கள் சொல்கிறார்கள். அதற்காக வழவழப்பு வைத்தால் பூஜ்ஜியம் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். 2022 செப்டம்பரில் எஃப்டிஏ இன்னொரு அறிவிப்பு விட்டது. ஜவ்வில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய், அன்றைக்கு 20 கேஸுக்கும் குறைவு. அதில் வழவழப்பும் உண்டு, சலைனும் உண்டு. மிக மிக அரிது. வீங்கினால் போய்க் காட்டுங்கள், அவ்வளவுதான்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் எண் வேறு. 2011இல் எஃப்டிஏ சொன்னது: மார்பை எடுத்துவிட்டு மறுசீரமைப்புக்காக வைத்தவர்களில் 10 வருடத்துக்குள் இரண்டில் ஒருவர் வரை அதை எடுக்க வேண்டி வருகிறது. அழகுக்கு வைத்தவர்களில் ஐந்தில் ஒருவர். காரணம் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஜவ்வு இறுகுவது, உடைவது, இடம் மாறுவது, தொற்று. லிம்போமாவை நினைத்துத் தூக்கம் கெடுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. 41 வயதில் வைக்கிறீர்கள். இன்னொரு அறுவை சிகிச்சை உங்கள் வாழ்நாளில் வரும் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேஷன் இல்லை என்பது உங்களுக்குப் பெரிய கொடுப்பினை, கதிர் பட்ட தோலில் ஜவ்வு இறுகுவது பல மடங்கு அதிகம். புகைபிடிப்பவர் என்றால் இப்போதே நிறுத்துங்கள்.

இன்னொன்று, இடதுகைக்காரி என்றீர்களே. இம்ப்ளான்ட்டை மார்புத் தசைக்குக் கீழே வைப்பார்களா மேலே வைப்பார்களா என்று கேட்டீர்களா? கீழே வைத்தால் மேல்பக்கம் நன்றாக மூடும். ஆனால் கனமான கதவைத் தள்ளும்போது, கையை அழுத்தி எழுதும்போது, தசை சுருங்கி மார்பு மேலே ஏறி இறங்கும். சிலர் பழகிக்கொள்கிறார்கள், சிலருக்கு நாலு பேர் முன்னால் நிற்கவே கூச்சமாகிவிடுகிறது. மேலே வைத்தால் அந்தக் குதிப்பு இல்லை, சுருக்கம் தெரிய வாய்ப்பு அதிகம். உருண்டையா துளியா என்பதைவிட உங்களுக்கு இதுதான் பெரிய கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நேர்ப்பேச்சுக்கு: உங்கள் தங்கை சொன்னதை நம்புகிறேன். எடுத்த பிறகு தேறியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், தேறாதவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்தப் பயத்தில்தான் 1992இல் அமெரிக்காவில் அழகுக்காகச் சிலிக்கோன் வைப்பதை நிறுத்தினார்கள். 1999இல் அவர்களுடைய மருத்துவக் கழகக் குழு ஒன்று எல்லா ஆய்வையும் பார்த்து, உடம்பு முழுவதையும் பாதிக்கும் நோய்க்கு இதுதான் காரணம் என்று காட்ட ஆதாரம் இல்லை என்றது. 2006இல் மறுபடி அனுமதித்தார்கள். அதே எஃப்டிஏ 2021இல் பெட்டிமேல் போட வைத்த கறுப்புக்கட்ட எச்சரிக்கையில், அசதி, மூட்டுவலி மாதிரி உடல் முழுவதுமான தொந்தரவு சிலருக்கு வருவதாகப் பதிவாகியிருக்கிறது என்ற வரியும் இருக்கிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இல்லை. ஆட்டோஇம்யூன் தொந்தரவு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவது) ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சலைன் உறையும் சிலிக்கோன்தான் என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.


ஒற்றைப்படை:

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். எதையும் வைக்காமல் இருப்பதும் ஒரு தேர்வு. எனக்கு வலது பக்கம் தட்டை. நாலு வருடம் ஆகிறது. வெளியே போகும்போது பிராவின் பையில் ஒரு சிலிக்கோன் வடிவத்தைச் செருகிக்கொள்வேன், வீட்டுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து மேஜையில் கழற்றி வைப்பேன். வெயிலில் வேர்க்கும், அது ஒன்றுதான் சலிப்பு.

ஆனால் தட்டை வேண்டும் என்றால் அதையும் வாயைத் திறந்து கேட்க வேண்டும். நான் தெளிவாகச் சொல்லியும் சர்ஜன், அப்புறம் மனசு மாறினால் தோல் வேண்டுமே என்று மிச்சம் வைத்துத் தைத்துவிட்டார். காலி சுருக்குப்பை மாதிரி தொங்கியது. அதை எடுக்க இரண்டாவது தடவை படுக்க வேண்டியதாயிற்று. மனசு மாறவும் இல்லை.

ஜன்னலோரம், உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எக்ஸ்பாண்டர் வைத்து எட்டு மாதம் பொறுத்தவருக்கு மார்பு வேண்டும் என்பது புரிகிறது. பின்னால் எப்போதாவது எடுக்க வேண்டி வந்தால், அதற்கு அப்புறமும் வாழ்க்கை சாதாரணமாகத்தான் இருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.


ஜன்னலோரம்:

எல்லோருக்கும் நன்றி. நேர்ப்பேச்சு, உங்கள் தங்கையைப் பற்றி எழுதியதற்கும்தான். எனக்கு ஆட்டோஇம்யூன் எதுவும் இல்லை, ஆனாலும் அந்த வரியை டாக்டரிடம் காட்டிப் பேசினேன்.

நேற்று போனேன். இந்தத் தடவை கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன், டாக்டர் சிரித்துவிட்டு அந்தத் தாளை வாங்கி ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். துளி வடிவம் வேண்டாம் என்றதும் அவரே அதை மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். சலைன் மாதிரியைக் கையில் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன், திரைக்குப்பின் சொன்ன அதே சுருக்கம் ஓரத்தில் ஓடியது. கேட்டுக்கொண்டு அதைப் பார்ப்பது வேறு, கேட்காமல் பார்த்தது வேறு.

எக்ஸ்பாண்டர் ஏற்கெனவே தசைக்கு மேலேதான் இருக்கிறதாம்! எட்டு மாதமாக எனக்கே தெரியாது. ஒரு வலை மாதிரி ஒன்றைத் தாங்கலாக வைத்திருக்கிறாராம். இம்ப்ளான்ட்டும் அங்கேயே போகும். மேல்பக்கம் சுருக்கம் தெரிந்தால், ஆறு மாதம் கழித்துத் தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து அந்த இடத்தில் ஏற்றலாம் என்றார். ஒல்லி என்று வயிற்றை நிராகரித்தவர் தொடையில் இருக்கிறது என்கிறார், சந்தோஷப்படுவதா வேண்டாமா தெரியவில்லை.

ஆக, வழவழப்பான உருண்டை, ஜெல், 375 சிசி. கம்பெனி, மாடல் இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன். ஸ்கேனுக்கு 5, 6 வருடம் என்றால் அது எந்த வருடம் என்று கணக்குப் போட்டுக் கணவர் செல்போன் காலண்டரில் போட்டுவிட்டார். மறதிக்கு அவரை அடிக்க ஆள் கிடையாது, அதனால் என் செல்போனிலும் போட்டுக்கொண்டேன். வலது பக்கம் சொந்த மார்புதான், அதற்கு மேமோகிராம் வருடா வருடம் வழக்கம்போல.

பழைய அட்டை அக்கா, ஒன்றே ஒன்று பாக்கி. நான் சின்ன வயதிலிருந்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தே பழகியவள். எட்டு மாதமாக மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இம்ப்ளான்ட் வைத்த பிறகு ஒருக்களிக்க எத்தனை நாள் ஆனது?


பழைய அட்டை:

இரண்டாவது தடவை எனக்கு ஆறு வாரம் சொன்னார்கள். எட்டாவது வாரம்தான் தைரியம் வந்தது. முதலில் வலது பக்கம் திரும்பி, நெஞ்சுக்கு முன்னால் ஒரு சின்னத் தலையணையைக் கட்டிக்கொண்டு படுங்கள், இடது பக்கம் அதன் மேல் சாய்ந்து இருக்கும், இழுக்காது. இடது பக்கம் திரும்புவது டாக்டர் சொன்ன பிறகு. எக்ஸ்பாண்டரைவிட இது மெத்தென்று இருக்கும், முதல் ராத்திரியே வித்தியாசம் தெரியும்.

அட்டை கைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். தையல் பெட்டியில் போடாதீர்கள்.